எட்டாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு அல்ல: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எட். பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையே அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். பிள்ளைகளை அடிக்காதீர்கள், பட்டப்பெயர் வைக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவருக்கு வகுப்பறையில் வேலை இல்லை.

கேள்வி கேட்டால் திமிர் என்பது

ஆறாம் வகுப்பில் "வரிசையாக நில்லுங்கள்" என்றால் நிற்பார்கள். எட்டில் "எதுக்கு டீச்சர்?" என்பார்கள். கண்முன் இல்லாததையும் 'இப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று யோசிக்கிற திறன் பதினொன்று, பன்னிரண்டு வயதையொட்டித் துளிர்ப்பதாக உளவியலாளர் ஜான் பியாஜே சொன்னார். ஊசல் ஆடும் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் நூலின் நீளத்தையும் குண்டின் எடையையும் சேர்த்தே மாற்றிக் குழம்புவார்கள். வளர்ந்தவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். அதே புத்திதான் உங்கள் விதியையும் சோதிக்கிறது. காரணம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விதியை மாற்றுங்கள்.

எல்லோர் முன்னாலும் திருத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கணக்கு வகுப்பு. ஒரு பெண் கரும்பலகையில் சமன்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்துவிட்டாள். "மைனஸைச் சாப்பிட்டுட்டியா?" என்றார் பயிற்சி ஆசிரியை. வகுப்பு சிரித்தது, ஆசிரியையும் சிரித்தார். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்: "தெரியாது மிஸ்." நோட்டைத் திறந்து பார்த்தால் விடை சரியாக இருக்கும். தேர்வுத்தாள் கைக்கு வந்ததும் மார்க் இருக்கும் மூலையை மடித்துவிடுவாள். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே அங்கலாய்ப்பு.

ஆறாம் வகுப்பில் இதே கிண்டலைச் செய்திருந்தால் பெரும்பாலும் அடுத்த மணி அடிப்பதற்குள் மறந்துபோயிருக்கும். வளரிளம் பருவத்தில் அப்படி இல்லை. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கத் தெரிந்துவிடுகிறது. ஆனால் தன் மனதை அரிப்பது ஊர் மனதை அரிக்கவில்லை என்பது இன்னும் பிடிபடுவதில்லை. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற இந்த நினைப்பை உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்றார். 2013-இல் லியா சோமர்வில் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். 'உன் வயதுக்காரர் ஒருவர் உன்னைக் கேமராவில் பார்க்கிறார்' என்று மட்டும் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அதற்கே பதின்ம வயதினருக்குச் சிறுவர்களைவிடக் கூச்சம் கூடியது. உங்கள் வகுப்பிலோ நிஜமாகவே நாற்பது ஜோடிக் கண்கள்!

நஷ்டம் கூச்சத்தோடு நிற்பதில்லை. சந்தேகம் கேட்பதே நின்றுபோகிறது. பத்தாம் வகுப்பில் வந்து உட்காரும்போது அடிப்படையே ஓட்டையாக இருக்கும். தவறான விடையைப் பேர் சொல்லாமல் நீங்களே பலகையில் எழுதி, எங்கே பிசகியது என்று வகுப்பையே கேளுங்கள். தனியாகச் சொல்ல வேண்டியதை நோட்டு திருத்தும்போது ஓரத்தில் எழுதுங்கள். பாராட்டுக்கும் இதே கதைதான். எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னால் சிலர் நெளிவார்கள்.

"வீட்டில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி நடிக்கிறாயா?"

நடிப்பு இல்லை. "என்னிடம் சைக்கிள் இருக்கிறது, வேகமாக ஓடுவேன்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பிள்ளை, இப்போது "நண்பர்களிடம் கலகலப்பு, அப்பாவிடம் முறைப்பு" என்கிறது. இதில் எது நிஜமான நான் என்ற குழப்பம் பதினான்கு, பதினைந்து வயதில் உச்சத்துக்குப் போவதை சூசன் ஹார்ட்டரின் ஆய்வுகள் காட்டின. நீங்கள் வேறு குத்திக்காட்ட வேண்டாம்.

"உன் வயசில் நான்..."

ஆரம்பிக்காதீர்கள். தன்னைப் போல யாரும் பட்டதில்லை என்று நம்புகிற வயது அது. அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.