முதல் பிசிபி: ஸ்கீமேட்டிக் முதல் ஆர்டர் வரை

முதல் பிசிபி (பாகங்களைச் சாலிடர் செய்யும் சர்க்யூட் போர்டு) சொதப்பினால், காரணம் பெரும்பாலும் டிராக் (போர்டிலுள்ள காப்பர் கோடு) போட்ட விதத்தில் இருக்காது. பாகத்தின் காலும் போர்டின் பேடும் (கால் சாலிடர் ஆகும் காப்பர் திட்டு) பொருந்தாமல் போயிருக்கும். அதனால் டிராக்குகளை அழகுபடுத்தும் நேரத்தை ஃபுட்பிரிண்ட் (ஒரு பாகத்துக்கான பேடுகளின் அமைப்பு) சரிபார்ப்பதில் செலவிடுங்கள்.

மென்பொருளுக்குக் கிகேட் போதும். அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிரெட்போர்டில் ஏற்கெனவே ஓடிய ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பாகங்களுக்குள், இரண்டு லேயரில் (போர்டின் மேல், கீழ் காப்பர் அடுக்குகள்) இருந்தால் நல்லது.

ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்) வரைந்ததும் இஆர்சி (மின் இணைப்புப் பிழைகளைத் தேடும் சோதனை) ஓட்டுங்கள். பேட்டரி கனெக்டர் வழியாக மின்சாரம் வரும் சர்க்யூட்டில், பவர் பின்னுக்கு மின்சாரம் தரும் பின் எதுவும் இல்லை என்று பிழை காட்டும். கனெக்டரின் பின்கள் சாதாரணப் பின்களாகக் குறிக்கப்பட்டிருப்பதே காரணம். சப்ளை, கிரவுண்ட் இரண்டிலும் ஒரு பவர் ஃபிளாக் (இங்கே மின்சாரம் வருகிறது என்று சொல்லும் குறி) வைத்தால் போய்விடும். சப்ளை வோல்டேஜ் சீராக இருக்க, ஒவ்வொரு ஐசியின் சப்ளை பின்னுக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இப்போதே வரைந்துவிடுங்கள்.

அடுத்தது ஃபுட்பிரிண்ட். பாகத்தின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள், டேட்டாஷீட்டில் உள்ள அளவுப் படத்தைப் பாருங்கள். எஸ்ஓஐசி (போர்டின் மேற்பரப்பில் சாலிடர் செய்யும் ஒரு வகை உறை) ஐசிகளில் உடல் அகலம் 3.9 மி.மீ. உள்ளதும் உண்டு, 7.5 மி.மீ. உள்ளதும் உண்டு. ஒன்றுக்கான பேடில் மற்றது உட்காராது. டிரான்சிஸ்டர்களில் கால் வரிசை மாறும்: தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3904-க்கு நேர் தலைகீழ். சாதாரண ஹெடர் பின் 0.64 மி.மீ. சதுரம் என்பதால் 0.7 மி.மீ. துளை போதும் என்று தோன்றும். ஆனால் துளைக்குள் போக வேண்டியது அதன் மூலைவிட்டம், சுமார் 0.9 மி.மீ. எனவே துளை 1 மி.மீ. வேண்டும்.

லேஅவுட்டில் (போர்டில் பாகங்களையும் டிராக்குகளையும் வைக்கும் கட்டம்) முதலில் கனெக்டர்களையும் திருகுத் துளைகளையும் வையுங்கள். எம்3 திருகுக்கு 3.2 மி.மீ. துளை. பிறகு ஐசிகள், அவற்றின் சப்ளை பின்னை ஒட்டியே அந்த 100 நானோஃபாரட்கள். கெப்பாசிட்டர் தள்ளிப்போனால் இடையிலுள்ள டிராக்கின் இண்டக்டன்ஸ் அதன் பயனைக் குறைத்துவிடும். கீழ் லேயரைக் கூடியவரை வெட்டுப்படாத கிரவுண்டாக விடுங்கள். சிக்னல் டிராக் 0.25 மி.மீ. போதும். ஒரு ஆம்பியர் ஓடும் டிராக்குக்கு 0.5 மி.மீ.க்குக் குறையாமல் கொடுங்கள், இரண்டு ஆம்பியருக்கு 1 மி.மீ. வியாவுக்கு (இரு லேயர்களை இணைக்கும் காப்பர் பூசிய துளை) 0.3 மி.மீ. துளையும் 0.6 மி.மீ. விட்டமும் வைத்தால் பெரும்பாலான தயாரிப்பாளர்களால் சிரமமில்லாமல் செய்ய முடியும். தேர்ந்தெடுத்த தயாரிப்பாளரின் குறைந்தபட்ச அளவுகளை டிஆர்சி (லேஅவுட்டின் அளவுகளையும் இடைவெளிகளையும் சரிபார்க்கும் சோதனை) விதிகளில் ஏற்றி, பிழை பூஜ்யமாகும்வரை ஓட்டுங்கள்.

அதோடு நின்றுவிட வேண்டாம். டிஆர்சிக்கு உங்கள் கையிலுள்ள பாகம் தெரியாது. போர்டை நூறு சதவீத அளவில் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பக்கத்தை ஸ்கேலால் அளந்து அளவு சரிதானா என்று பாருங்கள். பிறகு உண்மையான பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் திரும்பிய கனெக்டர், திருகின் தலை இடிக்கும் கெப்பாசிட்டர் எல்லாம் இங்கேதான் அகப்படும். பாகங்கள் கைக்கு வருமுன் போர்டை ஆர்டர் செய்யாமல் இருப்பது இதற்காகத்தான்.

ஆர்டருக்குக் கெர்பர் ஃபைல்கள் (ஒவ்வொரு லேயரின் வடிவத்தையும் தயாரிப்பாளருக்குச் சொல்லும் கோப்புகள்) வேண்டும். கிகேட்டில் டிரில் ஃபைலை உருவாக்கத் தனி பட்டன் உண்டு. அதை மறந்தால் துளைகளே இல்லாத கோப்பு போகும். போர்டின் எல்லைக்கோடு எட்ஜ் கட்ஸ் லேயரில் இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக்கி, கெர்பர் வியூவரில் திறந்து ஒவ்வொரு லேயராகப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கீழ்ப்பக்க எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால்தான் சரி.

விருப்பத் தேர்வுகளில் குழம்ப வேண்டாம்: எஃப்ஆர்-4 (போர்டின் அடிப்பொருள்), 1.6 மி.மீ. தடிமன், 1 அவுன்ஸ் காப்பர், பச்சை சாலிடர் மாஸ்க் (காப்பரை மூடும் பூச்சு), ஈயமில்லாத ஹாசல் (பேடுகளின் மேல் வரும் சாலிடர் பூச்சு). கால்கள் மிக நெருக்கமான ஐசி இருந்தால் மட்டும் தங்கப் பூச்சான எனிக் கேளுங்கள். ஹாசலில் பேடுகள் அவ்வளவு சமமாக வராது.

போர்டு வந்ததும், எதையும் சாலிடர் செய்யுமுன் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பிறகு ரெகுலேட்டர் பகுதியை மட்டும் சாலிடர் செய்து, பவர் சப்ளையின் மின்னோட்ட வரம்பை 100 மில்லியாம்பியரில் வைத்து வோல்டேஜை அளந்துவிட்டு மற்ற பாகங்களுக்குப் போங்கள்.