பழைய செயலியை அழிக்கும் முன்
மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமலும், ஓராண்டில் மிகச் சிலரே பதிவிறக்கியும் கிடக்கும் செயலிகளையும் விளையாட்டுகளையும் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்குவதாக ஆப்பிள் 2022இல் விளக்கியது. ஏற்கெனவே நம் போனில் இருப்பது தொடர்ந்து இயங்கும். அதை அழித்த பிறகுதான் சிக்கல். ஆகவே, மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கப் புறப்படுவோர், கடைக் கணக்கு எழுதிவரும் செயலி இன்னும் ஸ்டோரில் இருக்கிறதா என்று வீட்டிலேயே தேடிப் பார்த்து, இல்லையெனில் அதிலுள்ள கணக்கை பிடிஎஃப் கோப்பாகவோ, அதற்கும் வழியில்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டாகவோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் போனை ரீசெட் செய்த பின் கேட்டுப் பயனில்லை. ஐபோனில், பயன்படுத்தாத செயலிகளைத் தானாகவே அகற்றும் 'ஆஃப்லோட்' வசதியையும் செட்டிங்ஸில் அணைத்துவிடுவது நல்லது. அது தரவை மட்டும் விட்டுவைக்கும். ஸ்டோரில் செயலியே இல்லாதபோது அந்தத் தரவு பூட்டிய பெட்டிதான்.