ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞரை நினைவுகூரும் முறை

மாவட்ட நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் சட்ட உதவி வழக்குகளை நடத்திய ஒருவர் காலமானால், வழக்கறிஞர் சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடக்கும், படம் திறக்கப்படும், எளிமையானவர், ஏழைகளின் தோழர் என்று நான்கு பேர் பேசுவார்கள். அந்தச் சொற்கள் யாருக்கும் பொருந்தக்கூடியவை என்பதால், அவர் செய்த வேலையைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. அந்த வேலையைக் கண்டெடுத்து முன்வைப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்று நான் நம்புகிறேன். சக வழக்கறிஞர்களும் ஜூனியர்களும் குடும்பத்தினரும் அதற்குச் செய்ய வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்பாக, அவர் கையில் இருந்த வழக்குகளைக் கவனியுங்கள். வழக்கறிஞரின் மறைவோடு அவருடைய வக்காலத்தும் முடிந்துவிடுகிறது. சிறையில் இருக்கும் கட்சிக்காரருக்கு அந்தச் செய்தி அடுத்த வாய்தா வரைகூட எட்டாமல் போகலாம். அவருடைய குமாஸ்தாவோடு அமர்ந்து டைரியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, கட்சிக்காரர் சிறையில் இருக்கிறாரா பிணையில் இருக்கிறாரா என்ற விவரங்களைப் பட்டியலிட்டு, இலவச சட்ட உதவியை நடத்தும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்துமூலம் கொடுங்கள். கேஸ் கட்டுகளை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கையொப்பம் வாங்குங்கள். சிறையில் இயங்கும் சட்ட உதவி மையத்தின் வழியாகக் கைதிகளுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது, அவருடைய பணியைத் திரட்டுவது. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞரின் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேடலாம். பழைய தீர்ப்புகளுக்கு நகல் மனு போட வேண்டியிருக்கும். விடுதலைத் தீர்ப்புகளை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள். இவ்வகை வழக்கறிஞரின் திறமை பெரும்பாலும் சிறிய மனுக்களில்தான் இருக்கிறது. குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், கைதிக்குப் பிணையில் வரும் உரிமை உண்டாகிறது. ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள் அதைக் கேட்டாக வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் உரிமை கைநழுவிப் போகலாம். அந்த நாளைக் கணக்கிட்டு டைரியில் குறித்து வைத்து, 61ஆம் அல்லது 91ஆம் நாள் காலையில் நீதிமன்றம் திறந்தவுடன் ஒற்றைப் பக்க மனுவோடு நிற்பவர் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறார் என்பது வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும். அத்தகைய மனு ஒன்றின் நகல் கிடைத்தால் நினைவு மலரில் அப்படியே அச்சிடுங்கள். கொலைக் குற்றச்சாட்டு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்ட வழக்குகளையும், ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையில் கேட்ட ஒரே கேள்வி வழக்கின் போக்கை மாற்றியிருந்தால் அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னவற்றின் இரகசியம் கட்சிக்காரருக்கு உரியது. தொழில் உறவு முடிந்த பின்னும் அந்தக் கடமை தொடர்கிறது. அது குமாஸ்தாவையும் கட்டுப்படுத்துகிறது. எனவே திறந்த நீதிமன்றத்தில் பதிவானதை மட்டுமே பயன்படுத்துங்கள்; அதிலும் கட்சிக்காரரின் பெயரையும் ஊரையும் நீக்கிவிடுங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரையும், வழக்கில் தொடர்புடைய சிறாரையும் அடையாளம் காட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. விடுதலையாகி ஊரில் அமைதியாக வாழும் ஒருவரைக் கண்ணீர் மல்கப் பேசவைப்பதற்காகத் தேடிப்பிடித்து மேடையேற்றுவது, மறைந்தவர் கட்டிக்காத்த நம்பிக்கையை உடைப்பதாகும். தாமாக முன்வந்தால் மட்டும் பேசட்டும்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது அவருடைய ஆண்டுகளைச் சட்ட உதவியின் வரலாற்றோடு இணைத்துப் பாருங்கள். இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கிய 39ஏ பிரிவு 1976இல்தான் அரசியலமைப்பில் சேர்ந்தது. பீகார் சிறைகளில் விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்காக ஹுசைனாரா காத்தூன் வழக்கு 1979இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. கைதி கேட்காவிட்டாலும் சட்ட உதவி தரப்பட வேண்டும் என்று சுக் தாஸ் வழக்கில் 1986இல் தீர்ப்பு வந்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022இல்தான் மாவட்டங்களில் இதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் முறையைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்தது. அதற்கு முன் பணியாற்றியவர் என்றால், சொற்ப மதிப்பூதியத்துக்குத் தம் சொந்த வழக்குகளுக்கிடையே இதைச் செய்தார் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். ஹுசைனாரா காத்தூன் வழக்கைத் தொடுத்த கபிலா ஹிங்கோரானியின் படம் 2017இல் உச்ச நீதிமன்ற நூலகத்தில் திறக்கப்பட்டது. படத்திறப்பு வெறும் சடங்கல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் அந்தப் படத்தின் கீழ் எழுத ஒரு வழக்கு இருந்தது. உங்கள் சங்கத்துச் சுவரில் மாட்டும் படத்தின் கீழும் பிறந்த, இறந்த தேதிகளோடு அவர் நடத்திய வழக்கைப் பற்றிய இரண்டு வரிகள் இருக்கட்டும்.

கூட்டத்தில் பேசுவோரைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிரில் நின்று வாதாடிய அரசு வழக்கறிஞர் ஒருவரும், சிறைக்கு அவரோடு சென்றுவந்த சட்டத் தன்னார்வலர் ஒருவரும், ஒரு ஜூனியரும் போதும். குற்றவாளிகளுக்காக ஏன் வாதாடினார் என்ற கேள்வி குடும்பத்தாரின் காதில் வாழ்நாள் முழுவதும் விழுந்திருக்கும். அதை மேடையில் தவிர்க்காமல், தீர்ப்பு வரும் வரை எவரும் குற்றவாளி அல்லர் என்பதையும், காசில்லாததால் ஒருவரின் தரப்பு கேட்கப்படாமல் போகக்கூடாது என்பதையும் குடும்பத்தினர் முன்னிலையில் நேராகச் சொல்லுங்கள்.

நிதி திரட்டினால் சிலைக்கும் நுழைவாயிலுக்கும் செலவிட வேண்டாம். சட்ட உதவி வழக்குகளைப் பழகவரும் முதல் தலைமுறை ஜூனியருக்கு மாத உதவித்தொகை, சங்க நூலகத்துக்குப் புதிய குற்றவியல் சட்ட நூல்கள், ஆண்டுதோறும் சட்டப் பணிகள் தினமான நவம்பர் 9 அன்று பிணைச் சட்டம் குறித்து ஒரு சொற்பொழிவு ஆகியவை அவர் பெயரில் நடக்கலாம். அறக்கட்டளையாகப் பதிவு செய்வதானால், தொகை தடைப்பட்டால் யார் பொறுப்பு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். முதல் ஆண்டு உதவித்தொகையைக் கூட்டம் நடக்கும் நாளிலேயே வழங்கிவிடுங்கள்.