ரெட்-விங்டு பிளாக்பேர்டை அடையாளம் காண்றது எப்படி (முக்கியமா பெண் பறவையை)

ஸ்டெப் 1: வட அமெரிக்காவுல சம்பங்கோரை அடர்த்தியா நிக்கிற ஈரநிலம் எதுனாலும் சரி, ரோட்டோரம் தண்ணி தேங்குற பள்ளம்கூட போதும். ஏப்ரல், மே மாசத்துல விடிகாலைல போங்க.

ஸ்டெப் 2: முதல்ல காதுக்கு வேலை. "கொங்க்-லா-ரீஈஈ"ன்னு கடைசில கரகரன்னு இழுத்து முடிக்கும். சத்தத்தைக் கேட்டு எந்தப் பறவைன்னு சொல்ற மெர்லின் ஆப் ஃப்ரீதான், நல்லாவும் இருக்கு, ஆனா முதல் பத்து நிமிஷம் அதைத் திறக்காம கேளுங்க, அப்பதான் சத்தம் மனசுல நிக்கும்.

ஸ்டெப் 3: ஆண். பளபள கறுப்பு, தோள்ல சிவப்பு, அதுக்குக் கீழ மஞ்சள் ஓரம். பாடும்போது சிவப்பை நல்லா விரிச்சுக் காட்டும், சும்மா மேயும்போது மூடிக்கும், அப்ப மஞ்சள் கோடு மட்டும்தான் தெரியும்.

ஸ்டெப் 4: பெண். இங்கதான் நான் ஒரு சீசன் பூரா மாட்டிக்கிட்டேன், நோட்டுல எல்லாத்தையும் ஏதோ ஸ்பேரோன்னே எழுதி வச்சிருந்தேன். ஏன்னா இது கறுப்பே கிடையாது, பழுப்பு, வயிறு முழுக்க கருங்கோடு கோடா இருக்கும், கண்ணுக்கு மேல வெளிறின புருவம். நிறத்தை விட்டுட்டு அலகைப் பாருங்க: ஸ்பேரோவுக்குக் குட்டையா தடிமனா இருக்கும், இதுக்கு நீளமா நுனி கூரா இருக்கும். எனக்குத் தெளிவு வந்தது இந்த அலகாலதான். ஆண் உச்சில உக்காந்து கத்தும், பெண் கோரைக்குள்ளயே தாழ்வா நடமாடும். ஒரு ஆணோட எல்லைக்குள்ள பல பெண்கள் கூடு கட்டும், 15 வரைக்கும்கூட இருக்கலாம், அதனால ஒண்ணைப் பார்த்ததும் கிளம்பாம அங்கயே நில்லுங்க.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்க. 10× வச்சா கை ஆட்டம் பெருசா தெரியுது, கோரைக்குள்ள ஓடுற பறவையைப் புடிக்கவே முடியல.

அப்டேட்: "தலைல வந்து கொத்துது"ன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பக்கத்துல கூடு இருக்குன்னு அர்த்தம், கோரைத் தண்டுகளுக்கு நடுவுல கிண்ணம் மாதிரி பின்னி 3, 4 முட்டை வச்சிருக்கும், தயவுசெஞ்சு போட்டோவுக்காக கிட்ட போகாதீங்க.

இன்னொண்ணு, கலிஃபோர்னியால மஞ்சளுக்குப் பதிலா வெள்ளை ஓரம் தெரிஞ்சா அது ட்ரைகலர்டு பிளாக்பேர்டு, வேற இனம். ஆனா அங்க உள்பக்க சமவெளில நம்ம பறவைக்கே மஞ்சள் இல்லாத வகை ஒண்ணு இருக்கு, சிவப்பு மட்டும் பார்த்தா குழம்பாதீங்க.