பேய்க்குக் கஞ்சி போடலாம் வாங்க: பிள்ளைகளோடு வீட்டிலேயே ஒரு ஹாலோவீன்

பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்குப் பூசணிக்காய் வேண்டும் என்று என் மகள் முதல்முறை அடம்பிடித்தபோது, படத்தைப் பார்த்த அம்மா, "இது நம்ம திருஷ்டிப் பூசணிதானே, இதற்குப் போய் இவ்வளவு காசா?" என்று கேட்டார். உண்மைதான். பூசணிக்காயில் கோரமுகம் வரைந்து வாசலில் வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. முகம் செதுக்கும் அந்தப் பழக்கமும் பூசணியில் தொடங்கவில்லை. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள், அங்கிருந்து அமெரிக்கா போனவர்கள் கைக்குப் பூசணி அகப்பட்டதும் அதற்கு மாறிக்கொண்டார்கள். அப்படியானால் சிங்கப்பூரில் இருக்கும் நாமும் தேக்கா சந்தையில் கிடைப்பதையும் அடுப்படியில் இருப்பதையும் வைத்து ஒப்பேற்றலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் அந்தப் பூசணி விஷயத்தை முடித்துவிடுகிறேன். செதுக்குவதற்கென்றே வரும் ஆரஞ்சுப் பூசணி இங்கே விலை அதிகம், அதோடு நம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் குடைந்த பூசணி இரண்டு மூன்று நாளில் உள்ளே பூஞ்சை பிடித்து நாற ஆரம்பித்துவிடும். சந்தையில் கிடைக்கும் தட்டையான பச்சைப் பூசணியின் தோலோ பெரியவர்கள் கைக்கே மசியாது, பிள்ளைகளிடம் கத்தியைக் கொடுக்கவே முடியாது. நான் இப்போது வாங்குவது ஆரஞ்சு நிறக் குடைமிளகாய். காம்போடு சேர்த்து மேல்பக்கத்தைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணும் வாயும் பல்குத்தியால் கீறிக் கொடுத்தால் ஏழெட்டு வயதுப் பிள்ளை சின்னப் பழக் கத்தியால், நீங்கள் பக்கத்தில் இருந்தால், தானே வெட்டிவிடும். அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் மார்க்கரால் முகம் வரையட்டும், போதும். வரைந்ததைச் சமைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது, கஞ்சி போட்ட பேய். இணையத்தில் பார்த்தால் மெல்லிய துணியைக் கடையில் வாங்கி, வெள்ளைப் பசையில் தோய்த்துக் காயவைக்கச் சொல்வார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேட்டிக்கும் பருத்திப் புடவைக்கும் கஞ்சி போடுகிற வீட்டில் பசைக்கு என்ன வேலை? பழைய வேட்டியை ஒரு முழம் நீள அகலத்தில் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று கோப்பைத் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை கிளறிக் காய்ச்சி வடிகட்டுங்கள். புடவைக்குப் போடுவதைவிடக் கெட்டியாக, ஏறக்குறைய தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் பேய் நிற்காது, உட்கார்ந்துவிடும். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். துணியைத் தோய்த்து, லேசாகப் பிழிந்து, ஒரு பாட்டிலின் மேல் பந்தை வைத்து அதன்மேல் போர்த்த வேண்டும். பாட்டிலையும் பந்தையும் முன்பே பிளாஸ்டிக் உறையால் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்தபின் பிரித்தெடுக்க முடியாது. கீழே தொங்கும் ஓரங்களைப் பாவாடை போலத் தரையில் விரித்துவிட்டால்தான் பாட்டிலை எடுத்தபிறகும் தானாக நிற்கும்.

காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். அக்டோபர் கடைசியில் இங்கே பிற்பகல் ஆனால் இடியும் மழையும்தான், அதனால் இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் வைத்து, மறுநாள் காலை வெயில் இருக்கும்போது ஜன்னலோரம் வையுங்கள். சில சமயம் இரண்டு நாள் ஆகும். கண்ணுக்குக் கறுப்புத் தாள் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம், பெரிய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு இரண்டு ஒட்டினால் வேலை முடிந்தது. வாய்க்கு நீளப் பொட்டு. உள்ளே பேட்டரி விளக்கு ஒன்று வைத்தால் ராத்திரியில் நன்றாக இருக்கும், மெழுகுவர்த்தியை அந்தத் துணிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், எறும்பும் பூஞ்சையும் உங்களுக்கு முன்பே வந்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டால் கஞ்சி கரைந்து பழையபடி துணியாகிவிடும், தரை துடைக்க உதவும்.

கழிவறைத் தாள் உருளையில் வௌவால், காகிதத் தட்டில் சிலந்தி எல்லாம் உங்களுக்கே தெரியும். உருளைக்குக் கறுப்புச் சாயம் அடித்து, மேல் விளிம்பின் இரண்டு பக்கத்தையும் உள்நோக்கி மடித்தால் காது தானாக வந்துவிடும், இறக்கையை ஒட்டிவிடுங்கள். சின்னவர்களை அரை மணி நேரம் உட்காரவைக்க இது போதும்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் வருடம் நான் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்து மெரிங்கு பேய் செய்தேன். அடுப்பிலிருந்து எடுத்தபோது மொறுமொறுவென்று அழகாக இருந்தது, தட்டில் அடுக்கி ஒரு மணி நேரத்தில் எல்லாம் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குளிர்நாட்டுக் குறிப்புகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். சாக்லேட்டும் அப்படித்தான், மேசையில் வைத்தால் இளகும்.

அகர் அகர் மட்டும் நமக்கென்றே செய்தது போல இருக்கும். ஜெலட்டின் ஜெல்லி நம் வெயிலில் தளர்ந்துவிடும், அகர் அகரோ அறைச் சூட்டிலேயே கெட்டியாகி அப்படியே நிற்கும். கடற்பாசியிலிருந்து வருவதால் சைவக்காரர்களும் சாப்பிடலாம். இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் மார்ஷ்மெல்லோவிலும் கம்மி மிட்டாயிலும் ஜெலட்டின் இருக்கும், அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், சைவ வீட்டுப் பிள்ளைக்கு என்றால் ஹலால் முத்திரையும் போதாது.

அகர் அகரில் கண்முழி செய்வது இப்படி. டின்னில் வரும் லைச்சிப் பழத்தின் குழியில் ஒரு புளூபெரியையோ கறுப்பு உலர்திராட்சையையோ செருகுங்கள், அசல் கண்ணேதான். புதிதாக லோங்கன் பழம் கிடைத்தால் இன்னும் பொருத்தம், சீன மொழியில் அந்தப் பெயருக்கே டிராகன் கண் என்றுதான் அர்த்தம். சின்னக் கிண்ணங்களில் ஆளுக்கொரு கண் வைத்துவிட்டு, 12 கிராம் அகர் அகர் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, நன்றாகக் கொதித்துப் பொடி முழுக்கக் கரைந்ததும் 150 கிராம் சர்க்கரை சேர்த்து ஊற்றுங்கள். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கொதிக்கும் பாத்திரம் உங்கள் பொறுப்பு, கண் செருகுவது பிள்ளைகள் பொறுப்பு. நான்கைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுப் பழத்தைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும், துண்டுதுண்டாக வெட்டிவிடுங்கள்.

இதோடு குடிக்க சூனியக்காரி சர்பத். உலர்ந்த சங்குப்பூ பத்துப் பதினைந்தை ஒரு கோப்பை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் கருநீலமாக இறங்கும். சர்க்கரை கலந்து ஆறவைத்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, எலுமிச்சையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இதற்காகவே என் மகன் நான்கு தம்ளர் குடித்தான்.

துணி சுற்றிய எகிப்துப் பிணம் போன்ற மம்மி செய்ய உறைந்த பரோட்டா போதும், அதாவது பேரங்காடியில் ஐந்தாறாக அடுக்கி விற்கும் பிராட்டா. உறைபெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம்தான் வெளியே வைக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கையில் ஒட்டும். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கத்தரிக்கோலால் பட்டைகளாக வெட்டி, கோழி சாசேஜைச் சுற்றிக் கட்டுப் போடுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், கண் வைக்க. ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் 12 நிமிடம், பொன்னிறம் வராவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம். மயோனைஸ் பொட்டு வைத்து அதன்மேல் கறுப்பு எள் வைத்தால் முழிக்கும். சைவத்துக்குப் பேபிகார்னையோ பனீரையோ சுற்றலாம்.

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல் வந்தன. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை மாலையில் அதே பாவாடையோடு கோரைப்பல் மாட்டிக்கொண்டு உலாத்தியது. அன்றைக்கு முறுக்கு பிழியும்போதே தேன்குழலைச் சிலந்தி வலை மாதிரிப் பிழிந்து பார்த்தேன். எண்ணெயில் போட்டதும் பாதி உடைந்தது. சுவைக்குக் குறைவில்லை.

வாசலில் வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீ விபத்தென்றால் ஆட்கள் ஓட வேண்டிய வழி அது. தண்ணீர் தேங்குகிற கிண்ணம், டப்பா எதையும் வெளியே விடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும். ஆவிகள் உலாவுவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதம் அதற்குள் முடிந்திருக்கும் என்றாலும், சில பெரியவர்களுக்குப் பேய் பொம்மையைக் கண்டாலே ஆகாது. எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் நான் முதலிலேயே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, என் கதவைப் பார்த்து மட்டும் வைக்காதே என்றார். எங்கள் பேய்கள் எல்லாம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன.

அப்புறம், செதுக்கிய குடைமிளகாயை இரவு முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள். உள்ளே வைத்த விளக்கை எடுத்துவிட்டுக் கழுவிக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் காலை பிள்ளைகள் எழுவதற்கு முன் நறுக்கிப் பொரியல் செய்துவிடலாம். முகம் தெரிகிற மாதிரி துண்டு விழுந்தால் மட்டும் சாப்பிட மாட்டார்கள்.