காற்றாலைகளோடு நின்றுவிடாதீர்கள்: செர்வாந்தேஸ் வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிய எழுத்தாளர் மிகெல் தெ செர்வாந்தேஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, காற்றாலைகளை அரக்கர்கள் என்று நம்பி ஈட்டியோடு பாயும் அந்த மெலிந்த மனிதர்தான். அந்தச் சண்டை அவருடைய ‘டான் கிஹோத்தே’ நாவலின் முதல் பாகத்தில், 8ஆம் அத்தியாயத்தில் வருகிறது. ஓரிரு பக்கங்களில் முடிந்தும் விடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாகத்தில் 44 அத்தியாயங்களும், இரண்டாம் பாகத்தில் 74 அத்தியாயங்களும் இருக்கின்றன. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் மேல் எனக்குப் பகை கிடையாது. அவற்றோடு நிறுத்திக்கொண்டு நாவலையே படித்துவிட்டதாகப் பேசுவதுதான் முதல் தவறு.

அடுத்த தவறு இன்னும் பெரியது: முழுப் பதிப்பை வாங்கியவர்கள்கூட முதல் பாகத்தோடு களைத்துப்போய் மூடிவைத்துவிடுவது. முதல் பாகம் 1605இல் வந்தது, இரண்டாம் பாகம் 1615இல் வந்தது. இடையில், 1614இல், அவெயானேதா என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் போலித் தொடர்ச்சி ஒன்றை வெளியிட்டுவிட்டார். முன்னுரையிலேயே செர்வாந்தேஸைக் கிழவர் என்றும் கை ஊனமானவர் என்றும் ஏளனம் வேறு. அந்த ஆள் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. செர்வாந்தேஸ் வழக்குப் போடவில்லை, நாவலுக்குள்ளேயே பழிவாங்கினார். போலி நூலின் கிஹோத்தே சரகோசா நகரத்துப் போட்டிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும், உண்மையான கிஹோத்தே அந்த ஊரில் காலே வைக்க மாட்டேன் என்று பார்சலோனா பக்கம் வழியை மாற்றிக்கொள்கிறார். செர்வாந்தேஸ் அதோடு விடவில்லை. போலி நூலில் வரும் ஆல்வாரோ தார்ஃபே என்ற பாத்திரத்தைத் தன் நாவலுக்குள் இழுத்துவந்து, ‘நான் முன்பு பார்த்தவர் இவர் அல்ல’ என்று ஊர் அதிகாரி முன்னிலையில் வாக்குமூலம் கொடுக்கவும் வைத்துவிட்டார்!

இரண்டாம் பாகத்து மனிதர்கள் பலரும் முதல் பாகத்தைப் படித்தவர்கள் அல்லது கேள்விப்பட்டவர்கள். முதல் பதிப்பில் கிஹோத்தேயின் பணியாளான சாஞ்சோவின் கழுதை காணாமல் போன கதையும் திரும்பக் கிடைத்த கதையும் விடுபட்டிருந்தன. அதைப் பற்றிக் கேட்கும்போது, எழுதியவர் தவறியிருக்கலாம், அச்சிட்டவர் அசட்டையாக இருந்திருக்கலாம் என்று சாஞ்சோ கழன்றுகொள்கிறான். புத்தகத்தைப் படித்துவிட்ட ஒரு பிரபுவும் அவர் மனைவியும், பொழுதுபோக்குக்காக இருவரையும் அரண்மனையில் வைத்து ஆட்டுவிக்கிறார்கள். சாஞ்சோவைக் கேலிக்காகவே ஒரு ‘தீவுக்கு’ ஆளுநராக்குகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவனோ சிக்கலான வழக்குகளில் நியாயமான தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். யார் பைத்தியம், யார் தெளிந்தவர் என்ற கேள்வி கூர்மை பெறுவது இங்கேதான். முதல் பாகத்தைவிட இதுவே உயர்ந்தது என்பது என் கருத்து.

கதை சொல்லும் குரலை அப்படியே செர்வாந்தேஸின் குரலாக எடுத்துக்கொள்வதும் தவறு. இது சீதே அமேத்தே என்ற அரபு வரலாற்றாசிரியர் எழுதியது, தொலேதோ சந்தையில் கிடைத்த கையெழுத்துப் படி, உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்ற ஒரு மொரிஸ்கோ மொழிபெயர்த்தது என்றெல்லாம் நாவலே சொல்கிறது. மொரிஸ்கோக்கள் என்போர் கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள். 1609 தொடங்கி 1614 வரை ஸ்பெயின் அவர்களை நாட்டைவிட்டே துரத்தியது. இரண்டாம் பாகத்தில், துரத்தப்பட்ட ரிகோத்தே என்ற மொரிஸ்கோ யாத்ரீக வேடத்தில் திரும்பிவந்து, பழைய அண்டை வீட்டுக்காரனான சாஞ்சோவோடு சாலையோரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தை இந்தப் பின்னணி தெரியாமல் வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

வாழ்க்கை வரலாற்றில் உலவும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1571இல் லெபாந்தோ கடற்போரில் அவருடைய இடது கை செயலிழந்தது, துண்டிக்கப்படவில்லை. 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் அடிமையாக இருந்து நான்கு முறை தப்ப முயன்றது உண்மை. அதற்காக, முதல் பாகத்தில் வரும் கைதியின் கதையை அப்படியே சுயசரிதையாகக் கொள்ள முடியாது. அந்தக் கைதி, ‘சாவேத்ரா’ என்ற இன்னொரு சக கைதியைப் பற்றிப் பேசுகிறான். அதுதான் செர்வாந்தேஸின் இரண்டாம் குடும்பப் பெயர். ஷேக்ஸ்பியரும் அவரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பதும் சரியல்ல. செர்வாந்தேஸ் இறந்தது 1616 ஏப்ரல் 22, அடக்கம் மறுநாள். இங்கிலாந்து அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. ‘நாய்கள் குரைக்கின்றன சாஞ்சோ, நாம் முன்னேறுகிறோம் என்று பொருள்’ என்று பகிரப்படும் வாசகமோ நாவலில் எங்குமே கிடையாது.

நாடகாசிரியர் செர்வாந்தேஸைத் தோற்றவர் என்று ஒதுக்குவதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் தவறு. அக்காலத்து நாடகாசிரியர் லோப்பே தெ வேகாவின் புகழுக்கு முன் அவர் எடுபடவில்லை என்பது மெய். 1615இல் எட்டு முழு நாடகங்களையும் எட்டு இடைநாடகங்களையும் ‘ஒருபோதும் மேடையேறாதவை’ என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு அச்சிட்டார். அதன் முன்னுரையில், தன் பழைய நாடகங்கள் மேடையேறியபோது யாரும் வெள்ளரிக்காய் வீசவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். ரோமானியர் முற்றுகையில் ஓர் ஊரே அடிபணியாமல் மாண்டுபோகும் ‘நுமான்சியா’வை, 1937இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மாத்ரித் முற்றுகைக்குள் இருந்தபோது, கவிஞர் ரஃபாயெல் அல்பெர்த்தி தழுவி எழுதினார்.

ஆனால் நாடகத்தில் தொடங்க விரும்புபவர்கள் எடுக்க வேண்டியது இடைநாடகங்களை. ஒரு பெரிய நாடகத்தின் அங்கங்களுக்கு நடுவே ஆடப்படும் சிறு நகைச்சுவைக் கூத்துகள் இவை. ‘அதிசயக் காட்சி மேடை’யில் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் ஒரு கிராமத்துக்கு வந்து, வெறும் மேடையைக் காட்டுகிறார்கள். முறைதவறிப் பிறந்தவர்களுக்கும், யூத இரத்தக் கலப்பு உள்ளவர்களுக்கும் காட்சி தெரியாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவுதான், ஊர்ப் பெரியவர்கள் இல்லாத எலிகளுக்குப் பயந்து அலறுகிறார்கள். விவரம் அறியாமல் வந்த ஒரு படை அலுவலர் எதுவும் தெரியவில்லை என்றதும், ‘இவனும் அவர்களில் ஒருவன்’ என்று அவர் மேல் பாய்கிறார்கள். இரத்தத் தூய்மை என்ற வெறி சட்டமாகவே இருந்த நாட்டில் எழுதப்பட்டது இது.

‘முன்மாதிரிக் கதைகள்’ (1613) என்ற பெயரைப் பார்த்து நீதிக்கதைத் தொகுப்பு என்று விலகிவிடாதீர்கள். பன்னிரண்டு கதைகளில் ஒன்று செவியா நகரத்துத் திருடர் சங்கத்தைப் பற்றியது, இன்னொன்றில் இரவெல்லாம் இரண்டு நாய்கள் பேசிக்கொள்கின்றன. முதன்முதலாகச் செர்வாந்தேஸிடம் போகிறவர்களுக்கு இந்த நூலைத்தான் பரிந்துரைப்பேன்.

‘பெர்சிலெஸ்’ மட்டும் கடைசியாக இருக்கட்டும். அவர் இறந்த பின் 1617இல் வந்த அந்தச் சாகசக் கதை, ஸ்பானிய மொழியிலேயே மிக மோசமானதாகவோ மிகச் சிறந்ததாகவோ இருக்கும் என்று அவரே அறிவித்தார். ‘மோசமானது’ என்று சொன்னதற்காக அடுத்த வரியிலேயே வருந்தவும் செய்தார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஆனால் அதில் தொடங்குபவர்கள் பாதியிலேயே மூடிவிடுவார்கள்.