புடவைப் போர்வையின் அடித்துணியில் மடிப்பு விழாமலிருக்க

பழைய பருத்திப் புடவையில் போர்வை தைப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, அடித்துணியில், அதாவது போர்வையின் கீழ் அடுக்கில், விழும் மடிப்பு. அடுக்கும்போதே அந்தத் துணி தளர்வாகக் கிடப்பதும், மிஷினில் துணியை நகர்த்தும் பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுப்பதும்தான் காரணம்.

அடித்துணியை நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் படிந்தால் போதும். இழுத்து நீட்டி ஒட்டினால், டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். மேலே நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 அங்குல இடைவெளியில் கையால் ஓட்டுத் தையல் (அடுக்குகள் நகராமலிருக்கப் போடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். இதில் மட்டும் அவசரமே கூடாது. மிஷினிலும் நடுவில் தொடங்குங்கள். தையல் நீளம் 3 மி.மீ. இருக்கட்டும்.

வெட்டும் முன் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கால் பட்டுத் தேய்ந்த கீழ்க்கரையோரம் சல்லடையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். அங்கே தையல் நிற்காது.